லாசா அப்சோ நாயின் மயிர்ப் பராமரிப்பு

லாசா அப்சோ நாயின் மயிர்ப் பராமரிப்பு என்பது, திபெத்தைத் தாயகமாகக் கொண்ட லாசா அப்சோ என்னும் சிறிய நாயினத்தின் நீண்ட மயிரைச் சீவுதல், கழுவுதல், உலர்த்துதல், வெட்டுதல் ஆகிய பணிகளைக் குறிக்கும். பேச்சு வழக்கில் சடைநாய் எனப்படும் நாய்களுள் இதுவும் ஒன்று. அழகுக்காகச் செய்யப்படுவதாகப் பலரும் கருதினாலும், இது அடிப்படையில் நாயின் தோல் நலத்தைக் காக்கும் பணியாகும். உரிய கருவிகள் இருந்தால் இதனை வீட்டிலேயே செய்யலாம்.

மயிரின் தன்மை

லாசா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,650 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. திபெத்திய மடாலயங்களிலும் வீடுகளிலும் காவலுக்காக வளர்க்கப்பட்ட இந்நாய்களுக்கு, அடர்ந்த மயிர் குளிரிலிருந்து பாதுகாப்பு அளித்தது. அமெரிக்கன் கென்னல் கிளப் 1935 ஆம் ஆண்டில் இவ்வினத்தை ஏற்றுக்கொண்டது.

இதன் மேல்மயிர் நீளமாகவும் நேராகவும் சற்றுக் கடினமாகவும் இருக்கும். அதனடியில் ஓரளவு மென்மையான உள்மயிரும் உண்டு. குட்டை மயிர் நாய்களில் உதிரும் மயிர் தரையில் விழுந்துவிடும். லாசா அப்சோவில் உதிர்ந்த உள்மயிர் நீண்ட மேல்மயிருக்குள் தங்கிவிடுகின்றது. ஆகவே இந்நாய் குறைவாகவே மயிர் உதிர்ப்பதாகத் தோன்றினாலும், உதிர்ந்தவற்றைச் சீப்பினால் அகற்ற வேண்டியுள்ளது.

சிக்கும் அதன் விளைவுகளும்

உள்ளே தங்கிய மயிர், உராய்வினாலும் ஈரத்தாலும் முறுக்கேறிச் சிக்காகின்றது. காதின் பின்புறம், கழுத்துப்பட்டை படும் இடம், முன்கால் அக்குள், தொடை இடுக்கு, வாலின் அடிப்பகுதி ஆகியவை சிக்கு மிகுதியாக உருவாகும் இடங்களாகும். குட்டிப்பருவ மயிர் மாறி முதிர்ந்த மயிர் வளரும் காலத்தில் இது மேலும் கூடும்.

இறுகிய சிக்கு, நாய் அசையும்போதெல்லாம் தோலை இழுத்து வலியை உண்டாக்குகின்றது. அதன் அடியில் ஈரம் தங்குவதால் தோல் அழற்சியும் நுண்ணுயிர்த் தொற்றும் ஏற்படலாம். உண்ணிகளும் புண்களும் வெளியே தெரியாமல் மறைந்துவிடுகின்றன. மலம் ஒட்டிய மயிரில் ஈக்கள் முட்டையிட்டுப் புழு வைப்பதும் உண்டு. சீவும்போது நாய் உறுமுவதும் கடிக்க முயல்வதும் பெரும்பாலும் வலியின் வெளிப்பாடே.

சீவுதல்

முழு நீள மயிருள்ள நாயை நாள்தோறும் அல்லது ஒன்றுவிட்ட ஒரு நாள் சீவ வேண்டும். வளைந்த மெல்லிய கம்பிப் பற்கள் கொண்ட தூரிகையும், உலோகச் சீப்பும் இதற்குத் தேவை. முற்றிலும் உலர்ந்த மயிர் சீவும்போது எளிதில் ஒடியும் என்பதால், முதலில் சிறிதளவு நீர் தெளிக்கப்படுகின்றது. பின்னர் மயிரை வகிடு எடுத்து, ஒவ்வோர் அடுக்காகச் சீவ வேண்டும். மேற்பரப்பை மட்டும் சீவினால், மேலே சீராகவும் அடியில் கம்பளி போலவும் மயிர் இருக்கும். தோல் அருகிலிருந்து நுனி வரை சீப்பு தடையின்றிச் சென்றால் மட்டுமே அவ்விடம் சிக்கற்றது எனக் கொள்ளலாம்.

சிறு சிக்கை விரல்களால் பிரித்து, நுனியிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக அடி நோக்கிச் சீவுவர். அடிமயிரை மறு கையால் பற்றிக்கொண்டால் தோல் இழுபடாது.

குளிப்பாட்டுதல்

சிக்கு நனைந்து காய்ந்தால் மேலும் இறுகும். எனவே குளிப்பாட்டும் முன்னரே மயிரைச் சீவிவிடுதல் முதன்மையான விதியாகும். மனிதர்க்கான ஷாம்பூவைத் தவிர்த்து, நாய்களுக்குரியதையே பயன்படுத்த வேண்டும். அது எஞ்சினால் அரிப்பு உண்டாகும் என்பதால் நன்கு அலசப்படுகின்றது. துண்டினால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, குறைந்த வெப்பக் காற்றில் சீவியபடியே அடிமயிர் வரை உலர்த்த வேண்டும்.

மயிர் வெட்டுதல்

கண்காட்சியில் பங்கேற்காத நாய்களுக்கு மயிரை 2 முதல் 5 சென்டிமீட்டர் வரை விட்டு ஒரே சீராக வெட்டுவது வழக்கம். இதனை 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை செய்யலாம். மின்சார மயிர்வெட்டியின் தகடுகளில் இலக்கம் கூடக்கூட எஞ்சும் மயிரின் நீளம் குறையும். இலக்கம் 10 தகடு ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர் மயிரையே விட்டுவைக்கும். ஓடும் தகடு சூடேறித் தோலைச் சுடக்கூடும். ஆகையால் அதனை அடிக்கடி தொட்டுப் பார்த்து ஆறவிட வேண்டும்.

சிக்கைக் கத்தரிக்கோலால் வெட்டுவது வீடுகளில் நேரும் காயங்களுக்கு ஒரு முக்கிய காரணமாகும். இறுகிய சிக்கு தோலைக் கூடாரம் போல் மேலே இழுத்து வைத்திருப்பதால், மயிர் என எண்ணித் தோலை வெட்டிவிட நேர்கின்றது. பிரிக்க இயலாத சிக்கை, தோலுக்கு இணையாகத் தட்டையாகப் பிடித்த மயிர்வெட்டியினால் அடியோடு மழித்தலே பாதுகாப்பானது.

கோடையில் வெப்பம் தணியும் எனக் கருதி உடல் முழுதும் மழிப்பது தவறாகும். நாய்கள் பெரும்பாலும் மூச்சிரைப்பின் மூலமே உடல் வெப்பத்தைத் தணிக்கின்றன. மழித்த தோல் நேரடி வெயிலில் புண்படலாம். அடர்ந்த உள்மயிர் கொண்ட பொமரேனியன் போன்ற இனங்களில், மழித்த மயிர் நெடுங்காலம் வளராமலும் போகக்கூடும்.

கண், பாதம், நகம்

கண்ணில் விழும் மயிர் உறுத்தலை உண்டாக்கும் என்பதால், அது உச்சியில் தளர்வாகக் கட்டப்படுகின்றது அல்லது முனை மழுங்கிய கத்தரிக்கோலால் குறைக்கப்படுகின்றது. பாதத் திண்டுகளின் இடையே வளரும் மயிர், வழவழப்பான தரையில் நாயை வழுக்கச் செய்யும். நகத்தினுள் இரத்தக்குழாயும் நரம்பும் இருப்பதால் அதன் நுனியை மட்டுமே வெட்ட வேண்டும்.

மருத்துவரை நாடவேண்டிய நிலைகள்

உடல் முழுதும் சிக்கு படர்ந்திருத்தல், துர்நாற்றம், கசிவு, புழு, வீங்கிய காது ஆகியவை காணப்படின் வீட்டில் வெட்ட முயலாமல் கால்நடை மருத்துவரை அணுக வேண்டும். தேவைப்பட்டால் அவர் மயக்கமருந்து கொடுத்து மயிரை அகற்றுவார். மனிதருக்கான தூக்க மருந்துகளை வீட்டில் கொடுப்பது நாயின் உயிருக்கே தீங்காகலாம்.