பெற்றவள் பக்கம் திரும்பிய கேமரா

2004 புத்தாண்டு சமயம். லண்டன் பத்திரிகையாளர் மார்ட்டின் சிக்ஸ்மித்திடம் ஒரு விருந்தில் முன்பின் தெரியாத பெண்ணொருத்தி பேச்சுக் கொடுத்தார். தோழி வீட்டில் ஒரு மர்மம், துப்புத் துலக்க முடியுமா?

தோழியின் அம்மா பிலோமினா லீ. அயர்லாந்துக்காரர். 18 வயதில், கல்யாணமாகாமல் கர்ப்பமானதும் ராஸ்க்ரேயில் உள்ள ஷான் ராஸ் கான்வென்ட்டில் கொண்டுபோய் விட்டார்கள். 1952 ஜூலையில் ஆண் குழந்தை, அந்தோணி. வெளியே வர 100 பவுண்டு கட்ட வேண்டும். கட்ட வழியில்லாததால் சலவைக்கூடத்தில் துணி துவைத்துக் கழித்தார். 1955இல் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள்: பிள்ளைமேல் இனி உரிமை இல்லை, தேடவும் மாட்டேன். அந்த டிசம்பரில் மூன்றரை வயதுப் பையன் அமெரிக்கா போய்விட்டான். இதை 'தத்துக் கொடுக்க முடிவெடுத்தார்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அரை நூற்றாண்டு யாரிடமும் மூச்சுவிடாதவர், 2003 கிறிஸ்துமஸில்தான் மகளிடம் வாய் திறந்தார்.

தேடியதில் தெரிந்தது: பையன் மைக்கேல் ஹெஸ்ஸாக வளர்ந்து, குடியரசுக் கட்சியின் தலைமைச் சட்ட ஆலோசகராகி, 1995இல் எய்ட்ஸால் இறந்திருந்தார். அவரும் ராஸ்க்ரேக்கு வந்து அம்மாவைப் பற்றி விசாரித்திருக்கிறார். யாரும் வாய் திறக்கவில்லை. கேட்டுக்கொண்டபடி அங்கேயே அடக்கமானார். சிக்ஸ்மித்தின் புத்தகம் 2009இல் வந்தது. தலைப்பில் அம்மா பெயர் இருந்ததே தவிர, பெரும்பாலான பக்கங்களை மகனே எடுத்துக்கொண்டார்: வாஷிங்டன், கட்சி அரசியல், காதல், நோய்.

இந்தக் கதை பிறகு சினிமாவாகவும் வந்தது. படத்துக்கு விதை போட்டது புத்தகமல்ல, ஒரு போட்டோ. நகைச்சுவை நடிகர் ஸ்டீவ் கூகன் 'கார்டியன்' கட்டுரையொன்றில் அதைப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்து பிலோமினாவும் சிக்ஸ்மித்தும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். இத்தனை பட்டும் இந்த அம்மாளால் எப்படிச் சிரிக்க முடிகிறது? புத்தகத்தைப் படிக்கும் முன்பே கூகன் உரிமையை வாங்கிவிட்டார். ஜெஃப் போப்போடு சேர்ந்து திரைக்கதை எழுதினார். ஸ்டீபன் ஃப்ரியர்ஸ் இயக்கினார். பிலோமினாவாக ஜூடி டென்ச். 2013இல் வெனிஸில் திரைக்கதைக்கு விருது.

அம்மாவை நடுவில் உட்கார வைக்கக் கொஞ்சம் கதை கட்டவும் வேண்டியிருந்தது. படத்தில் வரும் அமெரிக்கப் பயணம் நிஜத்தில் இல்லை. அது போகட்டும். கடைசிக் காட்சியில் அந்தக் கான்வென்ட்டின் சிஸ்டர் ஹில்டகார்டை நேருக்கு நேர் நின்று மன்னிக்கிறார் பிலோமினா. அந்த சிஸ்டரோ 1995லேயே காலமானவர். இறந்தவரை எழுப்பி உட்காரவைத்து மன்னித்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

2014இல் பிலோமினா போப் பிரான்சிஸைச் சந்தித்தார். தத்துக் கோப்புகளைத் திறக்கச் சொல்லி இயக்கமும் தொடங்கினார். அயர்லாந்தில் 2022இல் சட்டம் வந்தது. தத்துப் போனவர் தன் பிறப்புச் சான்றிதழைக் கேட்டுப் பெறலாம். பெற்றவளுக்கு அப்படியொரு உரிமை இல்லை. தேடித் தரச்சொல்லி மனுப் போடலாம். மறுபக்கம் சம்மதித்தால் தகவல் வரும்.