விதியன்று, வைரஸ்!

காய்ச்சல் தணிந்த சில நாட்களில் கட்டிளங்காளை ஒருவன் சுருண்டு வீழ்ந்து மாண்டால், "விதி" என்று கூறி விலகிக் கொள்கிறது ஊர். விதிதானா? வரலாற்றைக் கேட்போம்.

இதயத்தின் வலது மேலறையிலே ஒரு சிறு கணு. அங்கே பிறக்கும் மின்துடிப்பு, நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை தசையெங்கும் பரவுகிறது, இதயம் துடிக்கிறது. அந்தத் தாளத்தைத் துல்லியமாய் வரைந்து காட்டும் கருவியை 1903-இல் உலகறியச் செய்தார் லெய்டன் நகரத்து ஐந்தோவன். 1924-இல் நோபல் பரிசு பெற்றார்.

தாளத்தைக் கண்டாயிற்று; அதைக் குலைக்கும் பகைவன்? 1948-இல் நியூயார்க் மாநிலத்துக் காக்ஸாக்கி எனும் சிற்றூரிலே, வாதம் கண்ட குழந்தைகளிடம் புதிய வைரஸ் ஒன்றை டால்டார்ஃபும் சிக்கிள்ஸ் அம்மையாரும் கண்டனர். ஊர்ப்பெயரே அதன் பெயராயிற்று. ஜோகன்னஸ்பர்க் மகப்பேறு இல்லமொன்றில் பச்சிளங்குழந்தைகளின் இதயத்தசை அழற்சியோடு அதன் 'பி' வகைக்குள்ள தொடர்பை, 1956-இல் மருத்துவர்கள் எழுதினர்.

அழற்சியுற்ற தசையிலே மின்துடிப்பு தயங்குகிறது, தடைபடுகிறது, வழிதவறிச் சுழல்கிறது. தாளம் தடுமாறுகிறது, சிலபோது நின்றே விடுகிறது.

பெரும்பாலோர் நலம் பெறுகின்றனர். ஆயினும், காய்ச்சலை அடுத்து நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம் கண்டால் மந்திரிக்க ஓடாதீர், இளைஞர்காள்! மருத்துவரிடம் செல்வீர். அழற்சி உறுதியானால் 3 முதல் 6 மாதம் ஓட்டமும் ஆட்டமும் வேண்டாம். காரணம் அறிந்தோம், காப்பதும் நம் கடனே!