மிக்-21: பிழை விமானியிலா, விமானத்திலா?



2025 ஜூலை 21ஆம் திகதி டாக்காவின் உத்தரா பகுதியில் மைல்ஸ்டோன் பாடசாலை மீது பங்களாதேஷ் விமானப்படையின் எஃப்-7 விமானம் விழுந்தது. 30க்கும் மேற்பட்டோர் வஃபாத்தானார்கள். பெரும்பாலானோர் சின்னப் பிள்ளைகள். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுத் தீக்காயத்தோடு உயிர்விட்ட ஆசிரியையின் செய்தி வந்த நாளில் எங்கள் ஆசிரியர் அறையில் யாருக்கும் பேச்சு வரவில்லை. "சேர், பழைய பிளேனை ஏன் பறக்க விடுறாங்க?" என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது. அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். விழுந்த விமானம் அவ்வளவு பழையதல்ல. வடிவம்தான் பழையது. 1950களில் சோவியத் யூனியன் வடிவமைத்த மிக்-21ஐப் பார்த்துச் சீனா செய்ததே எஃப்-7. நம் கட்டுநாயக்கவுக்கும் 1990களில் அது வந்தது.

மிக்-21ஐ நீண்ட காலம் பறக்கவிட்ட நாடு இந்தியா. 1963இல் சேர்த்தார்கள். வேகத்துக்காகச் செய்த சிறிய முக்கோண இறக்கை. ஆகவே தரையிறங்கும்போதும் மணிக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடும். புதிய விமானிகள் மெதுவான கிரண் பயிற்சி விமானத்திலிருந்து நேரே இதற்குத் தாவினார்கள். இடைப்படியாக ஹோக் பயிற்சி விமானம் வந்தது 2008இல்தான். 2012இல் பாதுகாப்பு அமைச்சர் அந்தோனி பாராளுமன்றத்தில் சொன்ன கணக்கு: வாங்கிய 872 மிக் ரக விமானங்களில் 482 விபத்துக்குள்ளாயின. மாண்ட விமானிகள் 171 பேர், பொதுமக்கள் 39 பேர்.

விபத்து நடந்தால் "விமானியின் பிழை" என்ற சொல் சீக்கிரம் வந்துவிடும். 2005இல் ராஜஸ்தானில் தன் மிக்-21 விழுந்து முதுகெலும்பு காயப்பட்ட சஞ்சீத் சிங் கைலா என்ற விமானி அதோடு விடவில்லை. தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேட்டு, கோளாறு தயாரிப்பில் என்று கண்டுபிடித்தார். டெல்லி உயர் நீதிமன்றம் போனார். 2017இல் 55 இலட்சம் ரூபாய் நஷ்டஈடு தீர்ப்பானது. பணத்தை விடுங்கள்; பாதுகாப்பான கருவி கேட்கப் படைவீரனுக்கும் உரிமை உண்டு என்று ஆனதே, அதுதான் பெரிய விஷயம்.

2019இல் விமானப்படைத் தளபதியாக இருந்த தனோவாவும் மிக்-21 விமானிதான். கார்கில் யுத்தத்தில் இரவில் பறந்தவர். 2019 ஓகஸ்டில், 44 வருடப் பழைய மிக்-21ஐ ஓட்டுகிறோம், அந்த வயதுக் காரைக்கூட யாரும் ஓட்டுவதில்லை என்று மேடையில், பாதுகாப்பு அமைச்சர் முன்னாலேயே சொன்னார். இரண்டு கிழமையில் பதான்கோட்டில் அதே மிக்-21இல் ஏறிப் பறந்தார். கூடப் பறந்தவர், அந்த வருடம் பெப்ரவரியில் பாகிஸ்தானில் வீழ்த்தப்பட்டுத் திரும்பிய தமிழர் அபிநந்தன். விமானிகளின் மனம் அப்படித்தான் போலும். குறையும் சொல்வார்கள், பாசமும் விடாது.

அப்படியானால் ஏன் மாற்றவில்லை? மாற்று விமானமான தேஜாஸ் திட்டம் 1983இல் தொடங்கியது. முதல் படையணி 2016இல்தான் உருவானது. மேம்பட்ட தேஜாஸ் 83க்கு 2021இல் ஒப்பந்தம் போட்டார்கள். அமெரிக்க எஞ்சின் வராமல் இழுபட்டது. 2025 செப்டெம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21க்குத் தண்ணீர் பீய்ச்சி விடைகொடுத்தபோது அந்த 83இல் ஒன்றுகூடக் கைக்கு வந்திருக்கவில்லை. வந்தாலும் புதியது எல்லாம் பத்திரம் என்றில்லை. இரண்டு மாதத்தில் துபாய் விமானக் கண்காட்சியில் ஒரு தேஜாஸ் விழுந்து விமானி மரணமானார்.

டாக்கா விசாரணை அறிக்கை நவம்பரில் வந்தது. அங்கும் விமானியின் பிழை என்றே எழுதினார்கள். அவரும் விபத்தில் இறந்துவிட்டார், பதில் சொல்ல வரமாட்டார். அதே அறிக்கையில் இன்னொரு பரிந்துரையும் இருக்கிறது: ஆரம்பப் பறப்புப் பயிற்சிகளை இனி டாக்கா நகருக்கு வெளியே நடத்த வேண்டும்.