வேதபுரீஸ்வரரும் துபாஷின் டைரியும்

"வீக்எண்டுக்குப் பாண்டி போறோம்" என்று ஆபீசில் சொன்னபோது ஒரு மாதிரியாகச் சிரித்தார்கள். "பழைய கோயில் பார்க்கத்தான்" என்றதும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். பாண்டிச்சேரிக்குக் கோயில் பார்க்கப் போகிறவனை யார்தான் நம்புவார்கள்? போனது நாலு பேர். நான், என் ரூம் மேட், கல்வெட்டு என்றால் சாப்பாட்டை மறந்துவிடும் ஒரு மதுரைக்காரன், கேமரா தூக்க ஒரு ஆந்திராக்காரன். ஆணி எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமை ராத்திரியே பிடுங்கி வைத்துவிட்டுக் கிளம்பினோம்.

சனிக்கிழமை முழுக்க விழுப்புரம் ரோடு. மதகடிப்பட்டில் ராஜராஜன் காலத்துக் குண்டாங்குழி மகாதேவர் கோயில். சின்னதுதான், ஆனால் கல்லில் இழைத்த மாதிரி இருக்கிறது. தொல்லியல் துறை பராமரிப்பில் புல்வெளி, கம்பி வேலி, ஆள் நடமாட்டம் அதிகமில்லாத அமைதி. அங்கிருந்து பக்கத்தில் திருபுவனை. பெருமாள் கோயில், இதுவும் சோழர் காலம். அடித்தளத்தில் உள்ளங்கை அகலச் சிற்பங்களை உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்ததில் முட்டி கழன்றுவிட்டது.

திருபுவனையில் சிற்பத்தைவிட எனக்குப் பிடித்தது ஒரு கணக்கு. முதலாம் ராஜாதிராஜனின் 1048-ஆம் வருஷக் கல்வெட்டு, இந்த ஊரில் நடந்த கல்லூரியைப் பற்றிச் சொல்கிறது. மாணவர்கள் 260, ஆசிரியர்கள் 12. செலவுக்கு 72 வேலி நிலம், அதிலிருந்து வருஷத்துக்கு 12,000 கலம் நெல். வகுத்துப் பார்த்தால் சுமார் 22 பையன்களுக்கு ஒரு வாத்தியார்! நான் இஞ்சினியரிங் படித்த இடத்தில் ஒரு வகுப்பில் அறுபது பேர், அதில் பாதிப் பேர் கடைசி பெஞ்சில் தூக்கம். தெற்கே பாகூரிலும் இப்படித்தான். பல்லவன் நிருபதுங்கன் காலத்துச் செப்பேடு, அங்கே இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடுத்ததாகச் சொல்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டு. பாண்டியைச் சுற்றிலும் இப்படி ஆயிரம் வருஷம் கொட்டிக் கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குள் வந்ததும்தான் மதுரைக்காரன் அந்தக் கேள்வியைக் கேட்டான். "ஏன்டா, இருபது கிலோமீட்டர் தள்ளி எல்லாம் சோழன் கல்லா இருக்கு. ஊருக்குள்ள ஒண்ணையும் காணோமே?"

கேட்ட இடம் மிஷன் வீதி, சம்பா கோயில் வாசல். செயின்ட் பால் என்பதுதான் நம்ம ஆட்கள் வாயில் சம்பா ஆகிவிட்டது. சரியான இடத்தில்தான் கேட்டான். 1748 வரைக்கும் இந்தத் தேவாலயத்தை ஒட்டித்தான் வேதபுரீஸ்வரர் கோயில் இருந்தது. வேதபுரி என்று இந்த ஊருக்கே ஒரு பேர் உண்டு, அந்தப் பேரைத் தாங்கிய சாமி. அந்தக் கோயில் எப்படிப் போனது என்று நமக்குத் தெரிவதற்குக் காரணம் ஆனந்தரங்கப் பிள்ளையின் டைரி.

பிள்ளை 1709-ல் பெரம்பூரில் பிறந்தவர். பிரெஞ்சுக் கம்பெனிக்குத் தலைமைத் துபாஷ், அதாவது கவர்னருக்கும் ஊருக்கும் நடுவில் நிற்கிற ஆள். 1736 செப்டம்பரிலிருந்து 1761 ஜனவரியில் சாகிற வரைக்கும் டைரி எழுதினார். கப்பல் வந்தது, துணி விற்றது, கவர்னர் முகம் சுளித்தது, ஜோசியர் சொன்னது எல்லாம் அதில் உண்டு. இங்கிலீஷ் மொழிபெயர்ப்பே பன்னிரண்டு தொகுதி. கோயில் சமாசாரம் ஐந்தாம் தொகுதியில் வருகிறது. தமிழ் மூலத்தைப் படித்தால் முற்றுப்புள்ளியே இல்லாமல் ஓடும் அந்த நடைக்குப் பழக ரெண்டு நாள் ஆகும்.

கோயிலை இடிக்க வேண்டும் என்பது 1748-ல் புதிதாகத் தோன்றிய யோசனை இல்லை. ஏசு சபைப் பாதிரிமார்கள் அரை நூற்றாண்டாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவ்வளவு காலம் ஏன் நடக்கவில்லை? அங்கேதான் விஷயமே இருக்கிறது.

1701-ல் கோயிலுக்குத் தடை போடப் பார்த்தபோது, ஜனங்கள் ஆயிரக்கணக்கில் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நெசவாளி போனால் துணி இல்லை, துணி இல்லாவிட்டால் கம்பெனி இல்லை. கவர்னர் பிரான்சுவா மார்த்தேன் இறங்கி வந்தார். 1715-ல் வழிபாட்டுக் கட்டுப்பாடுகளை எதிர்த்து மறுபடியும் ஜனங்கள் ஊரைக் காலி செய்தார்கள். மறுபடியும் நிர்வாகம் ஆடிப்போனது. இன்றைக்கு நாம் ஸ்ட்ரைக் என்று சொல்கிறோமே, அதை இந்த ஊர் முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே நடத்திக் காட்டியிருக்கிறது. பின்னால் வந்த கவர்னர்களும் வியாபாரம் படுத்துவிடும் என்ற பயத்தில் கோயிலைத் தொடாமல் இருந்தார்கள்.

ஆனால் 1715-க்கு ஒருவர் விலை கொடுத்தார். நயினியப்ப பிள்ளை, அப்போதைய தலைமைத் தரகர். ஜனங்களைக் கிளப்பிவிட்டது அவர்தான் என்பதும் அவர் மேல் போடப்பட்ட குற்றச்சாட்டுகளில் ஒன்று. 1716-ல் கைது. 50 கசையடி, சொத்து பறிமுதல், மூன்று வருஷம் சிறை. 1717-ல் சிறையிலேயே செத்துப்போனார். பிற்பாடு பிரான்சு வரைக்கும் வழக்குப் போய், தீர்ப்பு தப்பு என்று ஆனது. ஆனால் என்ன பிரயோஜனம், போன உயிர் போனதுதான்.

இந்த நயினியப்ப பிள்ளை நம்ம ஆனந்தரங்கப் பிள்ளைக்கு மாமன் முறை. அப்பா திருவேங்கடம் பிள்ளையும் அதே வழக்கில் மாட்டியவர். அப்போது ஆனந்தரங்கருக்கு ஏழு வயசு. இதை மனசில் வைத்துக்கொண்டு 1748-க்கு வாருங்கள்.

1746-ல் பிரெஞ்சுப் படை ஆங்கிலேயரிடமிருந்து மதராஸைப் பிடித்துவிட்டது. அதற்குப் பழி தீர்க்க 1748 ஆகஸ்டில் அட்மிரல் பாஸ்கவென் கப்பல்களோடு வந்து பாண்டிச்சேரியை முற்றுகை இட்டார். (இங்கே ஒரு எச்சரிக்கை. அப்போது பிரெஞ்சுக்காரர்கள் புதுக் காலண்டர், ஆங்கிலேயர்கள் பழைய காலண்டர். ரெண்டுக்கும் 11 நாள் வித்தியாசம். ஒரே குண்டு இவர்கள் கணக்கில் ஒரு தேதியிலும் அவர்கள் கணக்கில் வேறு தேதியிலும் விழும். டைம்ஸோன் பிரச்சினையில் தலையைப் பிய்த்துக்கொள்ளும் நம்ம மாதிரி ஆட்களுக்கு இது புரியும்.)

கோயில் தகராறு அதற்கு முன்பே சூடாகித்தான் இருந்தது. 1743-லேயே முத்தையா பிள்ளை என்பவரை வைத்துக் கோயிலை இடிக்க வைக்கத் தூப்ளே முயன்றதாகவும், காதை அறுப்பேன், தூக்கில் போடுவேன் என்று மிரட்டியும் அந்த மனிதர் மசியவில்லை என்றும் டைரி சொல்கிறது. 1746-ல் ராத்திரியில் கோயிலுக்குள் அசிங்கத்தைக் கொண்டுவந்து ஊற்றிய சம்பவமும் பதிவாகி இருக்கிறது. ஆனாலும் கோயில் நின்றது. ஊரில் ஜனங்கள் இருந்தார்களே!

முற்றுகை வந்ததும் அந்த ஜனங்களில் பெரும்பகுதி இல்லை. குண்டுக்குப் பயந்து பெண்டு பிள்ளைகளோடு ஏற்கனவே வெளியூர் போய்விட்டார்கள். "ஊரை விட்டுப் போறோம்" என்று மிரட்ட ஊரில் ஆள் இருந்தால்தானே? தறியும் ஓடவில்லை, வியாபாரமும் நடக்கவில்லை. ஐம்பது வருஷம் கோயிலைக் காப்பாற்றிய ஒரே ஆயுதம் அந்த ரெண்டு மாசம் மட்டும் வேலை செய்யாமல் போனது. தூப்ளேவுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

1748 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. முதல் நாளே சம்பா கோயிலில் சிப்பாய்களைக் கொண்டுவந்து நிறுத்தியாகிவிட்டது. காலையில் இஞ்சினியர் ழெர்போ தலைமையில் கொத்தனார், கூலிக்காரர்கள் என்று இருநூறு பேர், கடப்பாரை மண்வெட்டியோடு. முதலில் தெற்கு மதில். அப்புறம் ஒவ்வொன்றாக உள்ளே. தூப்ளேயின் மனைவி ழான் அம்மாளும் வந்து நின்றார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் நன்றாகப் பேசத் தெரிந்தவர். காரைக்காலிலிருந்து வந்த பாதிரி கூர்து சம்மட்டியோடு மூலஸ்தானத்துக்குப் போனதையும், லிங்கத்தை என்ன செய்தார்கள் என்பதையும் பிள்ளை விவரமாகவே எழுதி இருக்கிறார். நான் அதை இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. ரூம் மேட்டுக்குச் சொல்லும்போதே அவன் போதும் என்று கை காட்டிவிட்டான்.

கோயில்காரர்கள் ஓடிவந்தது பிள்ளையிடம்தான். அவர் அவர்களோடு கவர்னர் வாசலில் போய் நிற்கவில்லை. உற்சவ மூர்த்திகளையும் சாமான்களையும் காளத்தீஸ்வரன் கோயிலுக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றப் பாருங்கள் என்ற மாதிரி யோசனை சொன்னார். அதோடு வீட்டுக்கு வந்து டைரியில் கொட்டித் தீர்த்தார். ஜாதித் தலைவர்களுக்குள் ஒற்றுமை இல்லை என்று அவர்கள் மேலும் கோபப்பட்டார். ழான் அம்மாளை அவருக்கு முன்னாடி இருந்தே ஆகாது, அதனால் அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் படிக்க வேண்டும்.

மதுரைக்காரனுக்குக் கடுங்கோபம். "இவ்வளவு பெரிய ஆள், ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?" என்றான். எனக்குத் தோன்றியது வேறு. ஏழு வயசில், மாமனுக்குக் கசையடி விழுந்த வீட்டில் வளர்ந்த ஒருவரிடம் நாம் என்ன எதிர்பார்க்கிறோம்? கோழை என்று நம்மால் சுலபமாகச் சொல்லிவிட முடியும், அவர் இடத்தில் நின்று சொல்ல முடியுமா தெரியவில்லை. அவர் எழுதாமல் விட்டிருந்தால் இன்றைக்கு நமக்கு இது ஒரு செவிவழிக் கதையாகத்தான் இருந்திருக்கும்.

இதே டைரியில் வருகிற இன்னொரு விஷயம்தான் என்னைத் தூங்க விடவில்லை. கோயில் விழுந்த கையோடு ஒரு மசூதியையும் இடிக்க ஆள் போயிருக்கிறது. சிப்பாய்த் தலைவர் அப்துல் ரகுமான் நேராகக் கவர்னரிடம் போனார். மசூதி மேல் கை வைத்தால் ஒரு சிப்பாய்கூட மிஞ்ச மாட்டான், இடிப்பவர்கள் மேல் பாய்ந்து அங்கேயே சாவார்கள் என்றார். வாசலில் ஆங்கிலேயன் நிற்கிறான், சிப்பாய் இல்லாமல் முற்றுகையை எப்படிச் சமாளிப்பது? இடிப்பு நிறுத்தப்பட்டது. அன்றைக்கு நெசவாளி தேவைப்படவில்லை, சிப்பாய் தேவைப்பட்டான். வித்தியாசம் அவ்வளவுதான். இதில் மதச் சண்டையை மட்டும் பார்ப்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

திருபுவனையும் பாகூரும் தப்பியதற்கும் பெரிய ரகசியம் இல்லை. 1748-ல் அவை பிரெஞ்சு எல்லைக்குள்ளேயே கிடையாது. வில்லியனூர், பாகூர்ப் பக்கமெல்லாம் அவர்கள் கைக்கு வந்தது சந்தா சாகிப் தயவில், 1749-க்கு அப்புறம்தான்.

முற்றுகை அக்டோபரில் முடிந்தது, பாஸ்கவென் தோற்றுத் திரும்பினார். ஆனால் பன்னிரண்டு வருஷம் கழித்து இன்னொரு முற்றுகை. 1761 ஜனவரி 12-ல் பிள்ளை இறந்தார். நாலே நாளில், 16-ஆம் தேதி, ஊர் ஆங்கிலேயரிடம் சரண். அவர்கள் கோட்டையையும் ஊரையும் தரைமட்டம் ஆக்கினார்கள், சம்பா கோயிலும் அதில் சேதமானது. இப்போது நாம் பார்க்கிற தேவாலயம் 1791-ல் முடிந்தது. அதனால் மதுரைக்காரன் தேடிய பழசு, இந்துவோ கிறிஸ்துவமோ, டவுனுக்குள் அதிகம் கிடைக்காது.

வேதபுரீஸ்வரர் இப்போது ஈஸ்வரன் கோயில் வீதியில், புதிதாக எழுப்பிய கோயிலில் இருக்கிறார். வர்ணம் அடித்த கோபுரம், உள்ளே நல்ல கூட்டம். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பாட்டியம்மாவிடம் ஆந்திராக்காரன் தன் அரைகுறைத் தமிழில் "பழைய கோயில் எங்கே?" என்று கேட்டான். "இதுதாம்பா பழசு, நான் பொறந்ததுலேருந்து இங்கதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அவன் கையில் கொஞ்சம் விபூதியையும் வைத்துவிட்டுப் போய்விட்டார்.