லேத்தின் மோட்டார்: தோல் பெல்ட் முதல் அதிர்வெண் மாற்றி வரை

லேத் எனப்படும் கடைசல் இயந்திரம் பட்டறைகளின் முதன்மைக் கருவிகளுள் ஒன்றாகும். தொடக்கத்தில் ஒரே எஞ்சின் கூரையையொட்டிய நீண்ட தண்டைச் சுழற்ற, அதிலிருந்து தொங்கிய தோல் பெல்ட்டுகள் பல லேத்துகளை இயக்கின.

1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும் கோயம்புத்தூர்த் தொழில்கள் வளர்ந்தன. 1937-இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் அங்கு உருவாக்கிய மின்மோட்டார், இந்தியாவில் தயாரான முதல் மின்மோட்டாராகக் குறிப்பிடப்படுகிறது. காலப்போக்கில் ஒவ்வொரு லேத்துக்கும் தனி மோட்டார் என்ற முறை பரவியது.

ஆயினும் வேகச் சிக்கல் தீரவில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு துருவத் தூண்டல் மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,440 சுற்றுகள் ஓடும். நிமிடத்துக்கு 30 மீட்டர் வெட்டு வேகத்தில் கடைய, 20 மி.மீ. விட்டமுள்ள கம்பிக்குச் சுமார் 480 சுற்றுகளும், 200 மி.மீ. விட்டத்துக்குச் சுமார் 48 சுற்றுகளுமே தேவை. படிகள் கொண்ட கப்பிகளும் பற்சக்கரங்களும் வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைப் பெருக்கின.

இன்று பழைய லேத்தை மாற்றியமைப்போர் வி.எஃப்.டி. எனப்படும் அதிர்வெண் மாற்றியை நாடுகின்றனர். ஒருமுனை மின்சாரத்திலும் மும்முனை மோட்டாரை இயக்கவல்ல மாற்றிகள் உள்ளன. ஆனால் அதிர்வெண்ணைப் பத்தில் ஒரு பங்காக்கினால் முறுக்குவிசை பெருகாது. கிடைக்கும் திறனும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குறையும். மோட்டார்த் தண்டிலுள்ள விசிறியும் மெதுவாகச் சுழல்வதால் மோட்டார் சூடேறும். எனவே பெரிய விட்டங்களைக் கடைவோர் பழைய பற்சக்கரங்களைக் கழற்றிவிடாமல், மாற்றியுடன் சேர்த்துப் பயன்படுத்துவதே நன்று.