மூணாறும் மாட்டுப்பட்டியும்: ஆற்றங்கரைத் தோட்டநகர் ஒன்றன் வரலாறும் அதன் சொற்களும்

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம் வட்டத்தில், முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை ஆகிய மூன்று ஆறுகள் கூடுமிடத்தில் அமைந்த சிறுநகரம் மூணாறு. பெயர்க்காரணம் வெளிப்படை. ஆயினும் அப்பெயரின் வடிவங்கள் ஒன்றல்ல. ‘மூன்று’ என்பது பேச்சுத் தமிழில் ‘மூணு’ எனவும், மலையாளத்தில் ‘மூன்னு’ எனவும் திரியும். தமிழர் வழக்கிலுள்ள ‘மூணாறு’ முன்னதிலிருந்தும், மலையாள ‘மூன்னார்’ பின்னதிலிருந்தும் அமைந்தவை. ஆங்கில எழுத்துவழி உலகிற்குத் தெரிந்த வடிவம் மலையாள வடிவைத் தழுவியதாயினும், முதலசையின் நெடிலைக் காட்டாது விட்டது. நெடில் மறைந்ததால், அவ்வெழுத்தை மட்டும் கண்டவர்க்கு எண்ணுப்பெயர் புலப்படுவதில்லை. ஆறுகளின் பெயர்களும் இவ்வாறே இருமொழிப்பட்டவை. ஒன்றில் ஆற்றைக் குறிக்கும் மலையாளச் சொல்லாகிய ‘புழ’ நிற்கிறது. மற்றொன்றில் ‘தண்ணீர்’ என்னும் எழுத்து வடிவன்றித் ‘தண்ணி’ என்னும் பேச்சு வடிவே நிற்கிறது. அப்பெயரை வழங்கியோர் ஏட்டுத் தமிழால் அன்றி வாய்த்தமிழால் வழங்கினர் என்பது தெளிவு.

எல்லைப்புற ஊர்களில் ஆவணங்கள் பெரும்பாலும் ஆள்வோரின் மொழியிலும் முதலாளிகளின் மொழியிலும் அமைகின்றன. அங்கு உழைத்தோரின் வரலாற்றை இடப்பெயர்களும் தொழிற்சொற்களுமே பேணிவைத்திருக்கின்றன. மூணாற்றிலிருந்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மாட்டுப்பட்டி இதற்குத் தக்க சான்றாகும்.

பட்டியும் பெட்டியும்

‘மாட்டுப்பட்டி’ என்பது மாடு என்பதன் வேற்றுமை ஏற்கும் வடிவமும் ‘பட்டி’யும் புணர்ந்த தொடர். பட்டி என்பது கால்நடைகளை அடைக்கும் தொழுவம். அதன்வழி, சிற்றூர் என்னும் பொருளும் உடையது. உசிலம்பட்டி முதலாகப் பாண்டிநாட்டில் இவ்வீறு பெற்ற ஊர்கள் எண்ணில. மலையாள எழுத்திலும், அதையொட்டிய சுற்றுலாப் பலகைகளிலும் இவ்வூர் ‘மாட்டுப்பெட்டி’ ஆயிற்று. மேலேயுள்ள எல்லப்பட்டியும் ‘எல்லப்பெட்டி’ என எழுதப்படுவதுண்டு. தேயிலை நிறுவனத்தின் தோட்டப் பெயரோ பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் ‘பட்டி’யையே காத்துவந்துள்ளது.

இத்திரிபுக்கு ஒலியியல் காரணம் காண்பது அரிது. மலையாளத்தில் அகரம் எகரச் சாயல் பெறுவது பெரும்பாலும் க, ஜ, த, ப ஆகியவற்றின் ஒலிப்புடை வடிவங்களுக்கும், ய, ர, ல போன்றவற்றுக்கும் பின்னரே. இரட்டித்த வல்லினப் பகரத்தின் பின் அதற்கு இடமில்லை. ஆகவே பொருள்வழியே காரணம் தேட வேண்டும். மலையாளத்தில் ‘பட்டி’ என்பது நாயைக் குறிக்கும் அன்றாடச் சொல். மாட்டோடு நாயைச் சேர்த்த பெயர் அம்மொழியினர் செவிக்குப் பொருந்தாதது. ‘பெட்டி’யோ இருமொழிக்கும் பொதுவான, தீங்கற்ற சொல். இதுவே காரணம் என்று முடிவாகக் கூறுவதற்கில்லை. எனினும் ஏனைய விளக்கங்களினும் இது ஏற்புடையது. பெயரைப் பெட்டியாக்கியதன் விளைவு, அங்குப் பட்டியிருந்த செய்தி பெயரிலிருந்து நீங்கியதே.

இந்நீக்கத்தில் ஒரு முரண் உண்டு. 1963ஆம் ஆண்டு இந்திய-சுவிஸ் ஒப்பந்தத்தின்படி கால்நடை வளர்ப்புத் திட்டம் தொடங்கப்பெற்றது இம்மாட்டுப்பட்டியில்தான். சுவிட்சர்லாந்தின் பழுப்புநிறக் காளைகளை உள்நாட்டுப் பசுக்களோடு கலந்து உருவாக்கிய ‘சுனந்தினி’ இனம் இத்திட்டத்தின் விளைவு. பெயரில் பட்டி மறைந்துவந்த காலத்தில் நிலத்தில் பட்டி பெருகியது.

கிழக்கு நோக்கிய ஊர்

தேயிலை வருமுன் இம்மலைகளில் முதுவர் வாழ்ந்தனர். மதுரையிலிருந்து பிள்ளைகளை முதுகிற் சுமந்து மலையேறியவர் என்பது அவர்தம் மரபுவழிக் கதை. வடக்கே மறையூர், காந்தளூர் முதலிய அஞ்சுநாட்டு ஊர்களில் தமிழ் பேசும் உழவர் வாழ்ந்தனர். 1877ஆம் ஆண்டு ஜூலையில் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். 1880இல் ஏ. எச். ஷார்ப் என்பவர், இன்று செவன்மலைத் தோட்டத்தில் அடங்கும் பார்வதியில் தேயிலை நட்டார். (செவன்மலை என்னும் பெயர் ஆங்கில எண்ணும் தமிழ் மலையும் கூடியதாகத் தோன்றுகிறது. மொழிபெயர்ப்பாளர் பாதியில் எழுந்துபோனார் போலும்!) 1897இல் கண்ணன் தேவன் நிறுவனம் உருவாயிற்று.

தோட்டங்களுக்கு ஆள் வந்த வழி கிழக்கு. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கங்காணிகள் திரட்டிவந்த குடும்பங்கள் போடிநாயக்கனூர் வழியே மலையேறின. அவர்களுள் ஒடுக்கப்பட்ட சாதியினர் மிகப் பலர். அரிசியும் அவ்வழியே வந்தது. தேயிலையும் அவ்வழியே இறங்கியது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902இல் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டியும், 1908இல் இரண்டடி அகலச் சிறு இருப்புப்பாதையும் அமைந்தன. அப்பாதையின் நிலையங்களுள் மாட்டுப்பட்டியும் ஒன்று. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கிய தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து போடிக்குச் சென்றன.

தோட்டப் பெயர்கள் பலவற்றில் வரும் ஓர் ஈறு இங்கு நோக்கத்தக்கது. பெரியவாரை, செண்டுவாரை, சிட்டிவாரை, வாகுவாரை என இன்று வழங்குவனவற்றின் ஈறு, நிறுவனத்தின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் குறிலோடும் இரட்டித்த றகர ஒலியோடும் காணப்படுகிறது. அதனை ‘வரை’ எனக் கொள்ளலாம். மலையைக் குறிக்கும் ‘வரை’ சங்கத் தமிழில் பெருவழக்கினது. இன்றைய பேச்சில் அப்பொருளில் வழங்குவதில்லை. அது எவர் வாயிலிருந்து தோட்டப் பேரேட்டில் ஏறியது என்பது தனித்து ஆராயத்தக்கது. மலைவாழ் மக்களின் வழக்கை முதலில் நோக்குவது பயன்தரும்.

1924 ஜூலையில் ஊர் திசை மாறியது. கொல்லம் ஆண்டு 1099இல் நேர்ந்தமையால் ‘தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்’ எனக் கேரளம் முழுதும் நினைக்கப்பெறும் பெருவெள்ளம் இருப்புப்பாதையை அழித்தது. பாதை மீண்டும் போடப்படவில்லை. மூணாற்று நிலையக் கட்டடம் பின்னாளில் தேயிலை நிறுவன அலுவலகமாயிற்று. மேற்கே ஆலுவாய்க்குச் சென்ற பழைய சாலையும் அவ்வெள்ளத்திலேயே சிதைந்தது. ஆயின் அதற்கு மாற்றாக நேரியமங்கலம் வழியே புதிய சாலை அமைந்து, 1931இல் சேது இலட்சுமி பாயியால் திறந்துவைக்கப்பட்டது. கிழக்கு வாயில் சுருங்கிற்று. மேற்கு வாயில் விரிந்தது. கடைத்தெருவின் மொழி மாறத் தொடங்கியதற்கு அரசியல் எல்லைக்கு முன்பே இச்சாலை வழிவகுத்தது எனலாம். அடுத்து மின்சாரம் வந்தது. பள்ளிவாசல் மின்நிலையம் 1940இல் இயங்கத் தொடங்கிற்று. குண்டளையிலும், 1950களின் தொடக்கத்தில் மாட்டுப்பட்டியிலும் அணைகள் எழுந்தன. குண்டளை அணைக்குச் சேதுபார்வதிபுரம் என அரசியின் பெயர் சூட்டப்பட்டும் மக்கள் நாவில் நின்றது குண்டளையே.

லயமும் கடைத்தெருவும்

மூணாறு தனக்கென மக்கள்தொகை மிகுந்த ஊரன்று. சுற்றியுள்ள தோட்டப் பிரிவுகளிலிருந்து வந்துசெல்வோரால் வாழும் ஊர். ஞாயிறுதோறும் சந்தைக்கும், அன்றாடம் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அலுவலகங்களுக்கும் ஜீப்புகளிலும் பேருந்துகளிலும் மக்கள் இறங்கிவருவர், மாலையில் மலையேறுவர். 1898இல் தோன்றிய கார்மேல் அன்னை ஆலயமும், சுப்பிரமணியர் கோயிலும், பள்ளிவாசலும் ஆற்றுக்கு மேலே உயர்ந்து நிற்க, கீழே கடைத்தெருவில் அவை அனைத்தின் மக்களும் ஒரே பேரத்தமிழில் விலை பேசினர்.

தொழிலாளர் வாழும் வரிசைவீடு ‘லயம்’ எனப்படும். ஆங்கிலத்தில் வரிசையைக் குறிக்கும் ‘லைன்’ என்னும் சொல்லின் திரிபு இது. இலங்கை மலையகத்தில் ‘லயன்’, ‘லயம்’ என இரு வடிவும் உண்டு. குதிரை கட்டும் கொட்டிலாகிய ‘லாயம்’ என்னும் சொல்லோடு இது ஒலியொப்புமை பெற்றது தற்செயலாயினும், ஒற்றையறையில் தலைமுறைகள் வாழ்ந்தோர்க்கு அவ்வொப்புமை புலனாகாது இருந்திராது.

தேயிலைத் தளிரைக் குறிக்கும் ‘கொழுந்து’ மேலும் நுட்பமான செய்தி தருகிறது. மலையாளத்தில் ழகரம் உண்டு. தளிரைக் குறிக்கும் ‘கொழுந்து’ம் உண்டு. அவ்வாறிருந்தும் தேயிலைக் கொழுந்தை மலையாள நாளிதழ்கள் ‘கொளுந்து’ என ளகரமிட்டே எழுதுகின்றன. தென்பாண்டிப் பேச்சில் ழகரம் ளகரமாதல் யாவரும் அறிந்தது. ஆக, மலையாளம் இத்தொழிற்சொல்லைத் தன் சொற்களஞ்சியத்திலிருந்து எடுக்கவில்லை. கொழுந்தெடுத்த பெண்களின் வாயிலிருந்து, அவர்தம் ஒலிப்போடு பெற்றுக்கொண்டது. இதனைத் தமிழ்ப்படுத்தும் மொழிபெயர்ப்பாளர் ளகரத்தைத் திருத்தி ழகரமாக்குவது இயல்பே. திருத்துமிடத்தில் எதைத் திருத்துகிறோம் என அறிந்திருத்தல் நன்று.

எல்லையும் உறுதிமொழியும்

மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்தோடு சேர்க்கவேண்டுமென மார்ஷல் நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடிற்று. 1956 நவம்பர் 1இல் தெற்கு வட்டங்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. இவ்விரண்டும் கேரளத்தில் நின்றன. தோட்டத்துத் தமிழர் வந்துபோகும் கூலிமக்களேயன்றி நிலைகுடிகள் அல்லர் என்னும் கருத்து அன்றைய வாதங்களில் எடையுடன் வைக்கப்பட்டது. இரண்டு மூன்று தலைமுறையாக ஒரே மலையில் பிறந்து இறந்தோரை ‘வந்துபோவோர்’ எனச் சுட்டியது, சொல்லால் செய்த எல்லைக்கோடாகும். எனினும் தேர்தல் அவர்களிடமே வந்தது. 1958ஆம் ஆண்டுத் தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூசுக்காகப் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் தமிழில் பாடி வாக்குத் திரட்டினார்.

கேரள ஆட்சிமொழிச் சட்டம் (1969) தமிழ், கன்னடச் சிறுபான்மையினர்க்குத் தம் மொழியில் அரசோடு தொடர்புகொள்ளும் உரிமை அளித்துள்ளது. அவ்வுரிமை ஒரு மொழிபெயர்ப்பைச் சார்ந்து நிற்பதை 2021 மே மாதத்தில் சட்டப்பேரவை கண்டது. தேவிகுளம் உறுப்பினர் அ. ராஜா தமிழில் உறுதிமொழி ஏற்றபோது, ‘கடவுள் பெயரால்’ அல்லது ‘உளமார’ என்னும் இரண்டில் ஒன்றும் இடம்பெறவில்லை. அவர்க்கு அளிக்கப்பட்ட தமிழ் வாசகத்திலேயே அத்தொடர் விடுபட்டிருந்தது. ஜூன் 2இல் அவர் மீண்டும் உறுதிமொழி ஏற்க நேர்ந்தது. பிழை மூலத்தில் இல்லை, பேசியவரிடத்தும் இல்லை, இடையில் இருந்தது.

ஒருமையும் ஊரும்

2015 செப்டம்பரில் கொழுந்தெடுக்கும் பெண்கள், ஆண்கள் தலைமை தாங்கிய தொழிற்சங்கங்களை விலக்கி, இருபது விழுக்காடு மிகையூதியம் கேட்டு மூணாற்றுச் சாலையை மறித்தனர். அப்போது நாட்கூலி 232 ரூபாய். ஒன்பது நாட்களில் மிகையூதியக் கோரிக்கை ஏற்கப்பட்டது. அவர்களது அமைப்பு ‘பெம்பிளை ஒருமை’ எனப் பெயர் பெற்றது. முதற்சொல் பேச்சுத் தமிழுக்கும் பேச்சு மலையாளத்துக்கும் இடைப்பட்டது. இரண்டாவது இன்னும் சுவையானது. இன்றைய தமிழில் ஒன்றுபடுதல் ‘ஒற்றுமை’. ‘ஒருமை’ என்றால் பள்ளி சென்றோர்க்கு இலக்கண எண்ணே முதலில் தோன்றும். மலையாளத்திலோ ‘ஒரும’ என்பதே ஒற்றுமை. மலையாளப் பொருளைத் தமிழ் ஐகார ஈற்றோடு ஏற்ற சொல் இது. பழந்தமிழில் ஒருமைக்கு ஒன்றிய மனநிலை என்னும் பொருள் உண்டாதலின் அது முற்றும் அயலுமன்று. தமிழக இதழ்கள் சில இதனை ‘பெண்கள் ஒற்றுமை’ எனப் பெயர்த்தன. பொருள் சரி, எவ்விடத்துப் பெண்கள் என்பது அப்பெயர்ப்பில் இல்லை.

‘ஊர்’ என்னும் சொல் இவர்தம் வழக்கில் மூணாற்றைக் குறிப்பதில்லை. ‘ஊருக்குப் போதல்’ என்றால் கயத்தாறு, சங்கரன்கோவில் பக்கத்து முன்னோர் கிராமத்துக்குப் போதல். வேலையிலிருந்து நின்றால் லயத்தைக் காலிசெய்ய வேண்டும் என்பதால், அங்கு ஒருநாளும் வாழாதவர்க்கும் அதுவே ஊர்.

2020 ஆகஸ்ட் 6 இரவு, இராஜமலைக்கு அப்பால் நயமக்காடு தோட்டத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர் மாண்டனர். பல குடும்பங்களின் ஊர் கயத்தாறு. அங்கிருந்து உறவினர் மலையேறி வந்தனர். மீட்கப்பட்ட உடல்கள் இராஜமலையிலேயே அடக்கம் செய்யப்பட்டன. உயிர்தப்பிய குடும்பங்கள் எட்டுக்குக் குற்றியாறு பள்ளத்தாக்கில் அரசு நிலம் ஒதுக்கிற்று. நிறுவனம் வீடு கட்டிக்கொடுத்தது. வேலையிலிருந்து நின்றாலும் காலிசெய்ய வேண்டாத வீடுகள் அவை.