நான்காம் பாதம்: மாண்டூக்கிய உரைநடையும் கௌடபாதர் காரிகையும்

நனவு, கனவு, உறக்கம் ஆகிய மூன்றுக்கும் அப்பால் துரியம் என ஒன்றைக் கூட்டி, நான்கையும் ஓங்காரத்தோடு பொருத்திக் காட்டிய நூல் மாண்டூக்கிய உபநிடதம். பன்னிரண்டே வாக்கியங்கள் கொண்ட அந்த உரைநடைக்கு விளக்கமாகவே கௌடபாதர் காரிகை எழுந்தது என்பது மரபு. இதைத் தலைகீழாக்கியவர் விதுசேகர பட்டாசார்யர். 1943இல் கல்கத்தாப் பல்கலைக்கழக வெளியீடாக வந்த தம் ஆகமசாஸ்திரப் பதிப்பில், காரிகையே முந்தியது, உரைநடை அதன் வழியில் பின்னர் எழுந்தது என்றார். இது ஏற்கத்தக்கதானால், அவத்தைகள் குறித்த சிந்தனை வளர்ந்த முறையையே நாம் வேறாக எழுத வேண்டியிருக்கும். நான் அதை ஏற்கவில்லை.

அவருடைய வாதங்களில் வலுவானதை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆறு, ஏழு, பதினொன்று, பன்னிரண்டாம் வாக்கியங்களை அடுத்து, இதற்குரிய சுலோகங்கள் இவை என்று அறிவிக்கும் ஒரு சிறு தொடர் வருகிறது. அதைத் தொடர்ந்து முறையே 9, 9, 5, 6 என மொத்தம் 29 காரிகைகள் நிற்கின்றன. பிருகதாரண்யகம் போன்ற நூல்களில் இத்தகைய தொடர் வந்தால், சொல்லிய கருத்துக்குச் சான்றாக முன்பே வழங்கிய செய்யுளை எடுத்துக்காட்டுவதாகவே பொருள். ஆகவே மாண்டூக்கிய ஆசிரியரின் முன் காரிகை ஏற்கெனவே இருந்தது என்பது பட்டாசார்யரின் துணிபு.

உபநிடத வழக்கைப் பற்றி அவர் சொன்னது சரியே. ஆனால் அந்தத் தொடரை எழுதியவர் உரைநடையின் ஆசிரியர்தானா, அல்லது உரைநடையையும் காரிகையையும் பிற்காலத்தில் ஒன்றாகக் கோத்தவரா? அவர் வாதம் முழுவதும் இந்த ஒரு கேள்வியில் தொங்குகிறது. ஏழாம் வாக்கியத்தையும் எட்டாம் வாக்கியத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள். ஏழாவது, எல்லாவற்றையும் அன்று, அன்று என மறுத்துச் சென்று, அதுவே ஆன்மா, அறியப்பட வேண்டியது என முடிகிறது. எட்டாவது, அந்த ஆன்மாவைச் சுட்டி, அதுவே அட்சர நோக்கில் ஓங்காரம் எனத் தொடங்குகிறது. சுட்டுச் சொல் ஏழாவதன் கடைசிச் சொற்களைத்தான் பற்றிக்கொள்கிறது. இடையில் நிற்கும் ஒன்பது காரிகைகளை அது கண்டுகொள்ளவே இல்லை. தாமே மேற்கோள் காட்டி முடித்த ஓர் ஆசிரியர் அடுத்த வாக்கியத்தை இப்படித் தொடங்கமாட்டார். காரிகைகளை எடுத்துவிட்டால் பன்னிரண்டு வாக்கியங்களும் இடைவெளியின்றி ஓடுகின்றன.

இங்கே மத்துவ மரபையும் நினைத்துக்கொள்ளலாம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் மத்துவரும் அந்தத் தொடர் உபநிடதத்துக்கே உரியது என்றுதான் கொண்டார். அதனாலேயே 29 காரிகைகளையும் சுருதியாக்கினார். பட்டாசார்யரின் முடிவு வேறு, தொடக்கப் பிழை ஒன்றே.

இரண்டாவது வாதம்: உரைநடையில் வரும் ஏழு அங்கங்கள், பத்தொன்பது வாய்கள் ஆகியவற்றுக்குக் காரிகையில் விளக்கமே இல்லை, உரையாக எழுந்த நூல் இவற்றை விட்டிருக்குமா என்பது. இந்த வாதம் இரு பக்கமும் வெட்டும். காரிகையைப் பின்பற்றி உரைநடை எழுந்ததென்றால், காரிகையில் இல்லாத ஏழும் பத்தொன்பதும் அதற்குள் எங்கிருந்து வந்தன? ஏழு அங்கங்களைச் சங்கரர் சாந்தோக்கியம் ஐந்தாம் பிரபாடகத்தின் வைசுவாநர வித்தையோடு இணைக்கிறார். அது காரிகையைவிட மிகவும் பழையது.

மூன்றாவதாக, பட்டாசார்யர் தரப்புக்குத் துணையாகக் காட்டப்படுவது சங்கரரின் மௌனம். பிரம்மசூத்திர உரையில் அவர், நான்கு பிரகரணங்கள் (பகுதிகள்) கொண்ட காரிகையை மேற்கோள் காட்டுகிறார்: 1.4.14இல் மூன்றாம் பிரகரணத்தின் பதினைந்தாம் காரிகை, 2.1.9இல் முதற் பிரகரணத்தின் பதினாறாம் காரிகை. உரைநடையை அவ்வாறு எடுத்தாளவில்லை. இந்த மௌனத்தை எடைபோட, அதே உரையின் 3.2.10ஆம் சூத்திரத்தைச் சற்று நின்று படிக்க வேண்டும். மூர்ச்சை எந்த அவத்தையில் சேரும் என்பது அங்கே கேள்வி. உடலில் உள்ள உயிருக்கு நனவு, கனவு, உறக்கம் என மூன்று அவத்தைகளே அறியப்பட்டவை; நான்காவது உடலை விட்டு நீங்குதல்; ஐந்தாவது ஒன்று இல்லை என்று ஐயத்தை எழுப்பி, மூர்ச்சையைப் பாதி உறக்கம் போன்றதோர் இடைநிலையாக முடிக்கிறார். நான்காவது இடத்தில் இருப்பது துரியம் அன்று, சாவு!

இதைத் துரியம் அறியாத ஒருவர் எழுதியதாகக் கொள்ள முடியாது. 2.1.9இல் அவர் எடுத்தாண்ட பதினாறாம் காரிகைக்கு முன்னால், பத்து முதல் பதினைந்து வரையிலான ஆறு காரிகைகளும் துரியத்தையே பேசுகின்றன. அவற்றை அறிந்தவர்தான் இங்கே நான்காவதாகச் சாவை எண்ணுகிறார். காரணம் எளிது. அவர் இங்கே எண்ணுவது உயிருக்கு வந்து போகும் நிலைகளை. துரியம் அவருக்கு வந்து போவதன்று. மூன்றிலும் மாறாதிருக்கும் ஆன்மாவே அது. தமக்குத் தெரிந்த துரியத்தையே ஓரிடத்தில் சொல்லாமல் விட்ட ஓர் ஆசிரியர், உரைநடையைச் சொல்லாமல் விட்டதை வைத்து அது அவர் காலத்தில் மதிப்புப் பெறவில்லை என்று தீர்ப்பது எந்த வகையில் பொருந்தும்?

எதிர்வாதங்களை மறுப்பதோடு நிற்காமல், உரைநடையின் முற்பட்ட நிலைக்கு நேர்ச்சான்றாக ஒன்றைச் சொல்ல வேண்டும். முதற் பிரகரணத்தின் இரண்டாம் காரிகை மூன்று நிலைகளுக்கும் இருப்பிடம் தருகிறது: நனவின் ஆன்மாவுக்கு வலக்கண், கனவுக்கு மனம், உறக்கத்துக்கு இதயவெளி. உரைநடையில் இதன் சாயலே இல்லை. வலக்கண் புருடனும் இதயவெளியும் பிருகதாரண்யகம் 4.2இல், யாஞ்ஞவல்கியர் சனகனுக்குச் சொல்லும் பகுதியில் உள்ளவை. எனவே, பெயரும் எண்ணும் முன்பே அமைந்துவிட்ட ஒரு வரிசையைப் பழைய உடல்சார் மரபோடு இணைக்கும் வேலையைக் காரிகை செய்கிறது. அது உரையாசிரியரின் வேலை. மறுதலையாக, காரிகையைச் சுருக்கி எழுதியவர் இவ்வளவு தெளிவான இடக்குறிப்பை ஏன் விட்டார் என்பதற்குப் பட்டாசார்யர் வழியில் காரணம் காண்பது கடினம். அந்த ஆறு காரிகைகளில் திரும்பத் திரும்ப வரும் துரியம் என்ற பெயரும் உரைநடையில் ஓரிடத்திலும் இல்லை. அங்கே உள்ளது சதுர்த்தம் என்ற வெறும் எண்ணுப்பெயர். தனித்தனியே பார்த்தால் இவை மெல்லிய சான்றுகள். இரண்டும் ஒரே திசையைக் காட்டுவதால் நான் இவற்றைப் பெரிதாக மதிக்கிறேன்.

காலத்தைப் பற்றி இவ்வளவு உறுதி எனக்கு இல்லை. ஆறாம் நூற்றாண்டின் பௌத்த ஆசிரியர் பாவவிவேகர் வேதாந்தத்தை மறுக்கும் பகுதியில் காரிகையை ஒத்த செய்யுள்கள் உள்ளன. ஆனால் ஒப்புமை குடத்து வெளி உவமை வரும் மூன்றாம் பிரகரணத்தோடு. நான்கு பிரகரணங்களும் நான்கு தனி நூல்கள் என்றவர் பட்டாசார்யரே. அப்படியானால் மூன்றாவதன் காலத்தை முதலாவதன் மேல் ஏற்ற அவருக்கு வழியில்லை. நானும் ஏற்றவில்லை. மைத்ராயணீயம் 7.11இல் கண், கனவு, உறக்கம், அவற்றினும் பெரிய துரியம் என நான்கும் வருகின்றன; அந்தப் பகுதியோ அந்நூலின் பிற்சேர்க்கையாகக் கருதப்படுவது.

நான்காவதற்குக் காரிகை உடலில் இடம் தரவில்லை என்பதையும் குறிக்க வேண்டும். பின்வந்தோர் தந்தார்கள். பிரம்மோபநிடதத்தின் ஒரு பகுதி நனவைக் கண்ணிலும் கனவைக் கழுத்திலும் உறக்கத்தை இதயத்திலும் துரியத்தைத் தலையிலும் வைக்கிறது. தமிழ்ச் சித்தாந்தம் இதோடு ஓரளவு ஒத்துப்போய், பிறகு எதிர்த்திசையில் திரும்புகிறது. சிவஞான சித்தியாரின் கீழாலவத்தையில் நனவு நெற்றியில், கனவு கண்டத்தில், சுழுத்தி இதயத்தில். துரியமோ உந்தியில், துரியாதீதம் மூலாதாரத்தில். தொழிற்படும் கருவிகள் 35, 25, 3, 2, 1 எனக் குறைந்துகொண்டே வருகின்றன. வேதாந்தியின் துரியம் வீடு. கீழாலவத்தையின் துரியம் உறக்கத்தினும் கீழான அறிவு மறைப்பு. மேலாலவத்தையும் சுத்தாவத்தையும் வேறாக வகுக்கப்பட்டதற்கு இந்தத் திருப்பமே காரணம் என்று கருதுகிறேன். திருமந்திரம் எட்டாம் தந்திரத்தின் அவத்தைப் பகுதிகள் இந்த வரிசையில் எங்கே நிற்கின்றன என்பது அந்நூலின் காலம் தெளியும் வரை திறந்தே இருக்கும். கண்டமும் இதயமும் ஒத்திருப்பதால், சித்தாந்த இடவைப்பு காரிகையைவிடப் பிரம்மோபநிடத வகைக்கே நெருக்கமானது என்பது மட்டும் உறுதி.

பட்டாசார்யரின் வாதத்தைத் தீர்க்கக்கூடிய சான்று சுவடிகளில்தான் இருக்க வேண்டும். காரிகை இல்லாமல் உபநிடதத்தை மட்டும் தரும் ஏடுகளில் அந்த அறிமுகத் தொடர் வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வராவிட்டால் அது கோத்தவரின் கைவேலை. எல்லாவற்றிலும் வந்தால் நான் மேலே சொன்னதன் பெரும்பகுதியை மறுபரிசீலனை செய்தாக வேண்டும். அடையாறு நூலகத்திலும் தஞ்சைச் சரசுவதி மகாலிலும் உள்ள கிரந்தச் சுவடிகளைப் படிக்கத் தெரிந்த இளைய ஆய்வாளர்கள் இந்த வேலையை ஏற்றுச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.